மறைந்த தோட்டமும் மறையாப் பெயர்களும்

நுழையும்முன்

கோட்டையின் வரலாற்றை அதைக் கட்டிய மன்னர் பெயரால் எழுதுகிறோம். மாளிகையின் வரலாற்றை அதில் வாழ்ந்த குடும்பத்தின் பெயரால் எழுதுகிறோம். தோட்டத்தின் வரலாற்றை யார் பெயரால் எழுதுவது? இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், எழுபது ஆண்டுகளுக்கு மேல் முட்புதருள் மூழ்கிக் கிடந்த மாளிகைப் பூங்கா ஒன்று இவ்வினாவிற்கு விடை வைத்திருந்தது. அந்த விடை மாளிகையின் கூடத்தில் இல்லை. தோட்டத்தின் மூலையில் இடிபாடுகளுக்குள் புதைந்திருந்த சிற்றறை ஒன்றின் சுவரில் இருந்தது. கைவிடப்பட்ட இடங்களைப் படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கல்லும் செடியும்

பழமையான கட்டடம் ஒன்றைப் பூட்டிவிட்டு நூறு ஆண்டுகள் கழித்துத் திறந்தால் என்ன காண்போம்? காரை உதிர்ந்திருக்கும்; கூரை சிதைந்திருக்கும்; ஆயினும் தூணும் சுவரும் படியும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே நிற்கும். கட்டியவர் எண்ணம் இன்னதென்று அவற்றைக் கொண்டே அறிந்துவிடலாம். தோட்டத்தின் இயல்பு அத்தகையதன்று. ஒரு கோடைக்காலம் கவனிப்பாரின்றிப் போனால் புல்வெளி களைக்காடாகும். ஐந்தாண்டுகளில் பாத்திகளின் எல்லை மறையும். ஐம்பது ஆண்டுகளில், அங்கே தோட்டம் ஒன்று இருந்தது என்பதையே புதிதாக வருபவர் அறியமாட்டார்.

காரணம் எளியது. கட்டடம் ஒருமுறை கட்டி முடிக்கப்படுவது. தோட்டமோ ஒருநாளும் முடிவடையாதது. விதைத்தல், நாற்று நடுதல், நீர் பாய்ச்சுதல், கவாத்துச் செய்தல், களை எடுத்தல், உதிர்ந்த இலைகளைத் திரட்டி மட்கச் செய்தல் ஆகிய பணிகள் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் நிகழும் வரையில்தான் தோட்டம் தோட்டமாக இருக்கும். பணி நின்ற நாளில் அது காட்டை நோக்கித் திரும்பிவிடும்.

வரலாற்றுச் சின்னங்களைப் பேணுவோர் இவ்வேறுபாட்டை உணர நெடுங்காலம் ஆயிற்று. கற்கட்டடங்களுக்கான நெறிமுறைகள் 1964ஆம் ஆண்டு வெனிசு நகரில் வகுக்கப்பட்டன. தோட்டங்களுக்கான தனிச் சாசனம் அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1981ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸ் நகரில்தான் வரையப்பட்டது. அச்சாசனம் வரலாற்றுத் தோட்டத்தை ‘உயிருள்ள நினைவுச்சின்னம்’ என வரையறுத்தது. வளர்ச்சியும் வாட்டமும் அழிவும் புதுப்பித்தலும் கொண்ட ஒன்றைப் பேணுவதற்குத் தொடர்ந்த அன்றாடப் பராமரிப்பே முதன்மையானது என்றும் அது வலியுறுத்தியது.

பெருநிலமும் மாளிகையும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் பல நூற்றாண்டுகளாக நிலம் சில குடும்பங்களின் கையில் குவிந்திருந்தது. ஒவ்வொரு நிலக்கிழார் குடும்பமும் தன் நிலத்தின் நடுவே மாளிகை ஒன்றை எழுப்பியது. மாளிகையைச் சுற்றிப் பூங்காவும், பூங்காவைச் சுற்றிப் பண்ணைக் கட்டடங்களும், அவற்றுக்கு அப்பால் குத்தகை உழவர்களின் வயல்களும் அமைந்தன. குத்தகைப் பணம் மாளிகைக்கு வந்தது. மாளிகையின் செல்வம் பூங்காவாக மலர்ந்தது. விருந்தினர் கண்ணில் பட்டவை புல்வெளியும் ஏரியும் மலர்ச்சோலையுமே. அவற்றை உருவாக்கிய கைகளும் கருவிகளும் உயர்ந்த மதில்களுக்கும் மரவரிசைகளுக்கும் பின்னால் மறைந்திருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த அமைப்பு தளரத் தொடங்கியது. 1870களில் அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் பெருமளவில் வந்திறங்கியது. விளைபொருளின் விலை வீழ்ந்தது; அதனோடு குத்தகை வருவாயும் குறைந்தது. 1894ஆம் ஆண்டு, இறந்தவர் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்துகளின் மீது புதிய வரி விதிக்கப்பட்டது. பின்னர் வந்த முதல் உலகப்போர் வேலையாட்களைக் கொண்டுசென்றது. போருக்குப் பின் தொழிற்சாலைகளும் நகரங்களும் உழைப்போருக்கு வேறு வழிகளைக் காட்டின. மாளிகைகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன; பல இடிக்கப்பட்டன. 1974ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகம் இவ்வழிவைப் பற்றிப் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியபோதுதான் இழப்பின் பரப்பு பொதுமக்களுக்குத் தெரிந்தது. இடிந்த மாளிகைகளின் படங்கள் மட்டுமே ஓர் அறையை நிறைத்தன. இடிக்கப்படாமலே மறைந்துபோன பூங்காக்களைப் பற்றி அன்று பேசியவர் சிலரே.

ஹெலிகன்

அவ்வாறு மறைந்த பூங்காக்களுள் ஒன்று ஹெலிகன். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால் பகுதியில், மெவகிசி என்னும் மீன்பிடி ஊருக்கு அருகே இது அமைந்துள்ளது. கார்ன்வாலின் பழைய மொழியில் வில்லோ மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் ட்ரெமெய்ன் குடும்பத்தார் இந்நிலத்தை வாங்கினர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாளிகை எழுந்தது. இன்று புகழ்பெற்றுள்ள தோட்டங்கள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, நான்கு தலைமுறையினர் காலத்தில் உருவானவை. ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றைச் சேர்த்தது. ஒருவர் மதில் சூழ்ந்த தோட்டங்களையும் நெடிய நடைவழிகளையும் அமைத்தார். மற்றொருவர் வெளிநாட்டுச் செடிகளை வருவித்தார். கடைசித் தலைமுறையைச் சேர்ந்த ஜாக் ட்ரெமெய்ன் இத்தாலிய முறையில் சிறு தோட்டம் ஒன்றைச் சமைத்தார்.

இப்பண்ணை ஏறத்தாழ தற்சார்பு உடையதாக இருந்தது. உழுநிலங்களும் காடுகளும் மட்டுமல்லாமல் கல் வெட்டும் குழிகள், செங்கற்சூளை, மாவு அரைக்கும் ஆலை, மரம் அறுக்கும் ஆலை, பியர் வடிக்கும் கூடம், பழத்தோட்டங்கள், காய்கறித் தோட்டங்கள் எனப் பலவும் இதற்குள் அடங்கின. மாளிகை ஒரு சிற்றூரின் முகப்பு மட்டுமே. அச்சிற்றூரின் உயிர் அதைச் சுற்றியிருந்த பணிக் கட்டடங்களில் இருந்தது.

உழைப்பின் கட்டடங்கள்

கார்ன்வால் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 50 பாகை வடக்கே உள்ளது. அங்கே குளிர்காலப் பகல் குறுகியது. கதிரவன் தெற்கு வானில் தாழ்வாகவே செல்லும். அத்தகைய நிலத்தில் திராட்சையும் பீச்சுப்பழமும் முலாம்பழமும் விளைவிக்க வேண்டுமானால், வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் வழி வேண்டும். ஹெலிகனின் தோட்டக் கட்டடங்கள் அவ்வழியைக் காட்டுகின்றன.

முதலாவது, மதில். செங்கல்லாலும் கல்லாலும் எழுப்பப்பட்ட உயர்ந்த மதில் காற்றைத் தடுத்தது. பகலில் உண்ட வெயிலை இரவில் மெல்ல வெளியிட்டது. பழமரங்களின் கிளைகளை அம்மதிலோடு ஒட்டிப் படரவிட்டனர். பசுமைக்குடில்களின் கண்ணாடி முகத்தைத் தெற்கு நோக்கி அமைத்தனர்.

இரண்டாவது, கொதிகலன் அறை. நிலக்கரியால் சூடேற்றிய நீர் இரும்புக் குழாய்களின் வழியே பசுமைக்குடில்களுக்குள் சுற்றிவந்தது. கடுங்குளிர் இரவில் அத்தீ அணைந்தால் ஒரே இரவில் ஆண்டு முழுவதன் உழைப்பும் கருகிவிடும். ஆகவே, இத்தகைய தோட்டங்களில் மணமாகாத இளம் பணியாளர்களைக் கொதிகலனுக்கு அருகிலேயே தங்கவைத்தனர். நள்ளிரவில் எழுந்து கரி இடுவதும் அவர்கள் கடமை.

மூன்றாவது, இருட்டறை. ஒளி புகாத இவ்வறையில் சிலவகைக் கீரைத் தண்டுகளை வளர்த்தனர். ஒளியின்றி வளரும் தண்டு பச்சையம் இழந்து வெளிறும். கசப்புக் குறைந்து மென்மையாகும். பனிக்காலத்தில் மாளிகையின் உணவு மேசைக்கு இளந்தண்டு கிடைத்தது இவ்வாறுதான்.

நான்காவது, தேனீ மாடங்கள். மதிலில் வரிசையாகக் குடைந்த மாடக்குழிகளில் வைக்கோலால் பின்னிய தேன்கூடைகளை வைத்தனர். மழையும் காற்றும் படாமல் தேனீக்கள் அங்கே வாழ்ந்தன. தேனும் மெழுகும் மாளிகைக்குச் சென்றன. மகரந்தச் சேர்க்கை தோட்டத்திற்குக் கிடைத்தது.

இவற்றோடு தலைமைத் தோட்டக்காரரின் அலுவலறை, கருவிக் கொட்டகை, தொட்டிகளில் மண் நிரப்பும் கூடம், பழங்களைச் சேமிக்கும் அறை ஆகியனவும் ஒன்றையொன்று அடுத்து நின்றன. தோட்டப்பணி ஒரு முறையான தொழிற்கல்வியாக விளங்கியது. சிறுவனாகப் பணியில் சேர்பவன் தொட்டி கழுவுவதில் தொடங்குவான், விதை அறிவான், கவாத்து கற்பான், ஆண்டுகள் பல கடந்து ஒரு பிரிவின் பொறுப்பை ஏற்பான். இந்த அறிவின் பெரும்பகுதி ஏட்டில் எழுதப்படவில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றது.

தெரிந்து தெளிவோம்: அன்னாசிக்குழி

தென்னமெரிக்காவில் தோன்றிய அன்னாசி, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அதை விளைவிக்க ஹெலிகனில் தனிக் குழி ஒன்று இருந்தது. நீண்ட குழியின் நடுவே அன்னாசித் தொட்டிகளை வைத்து, மேலே சாய்வான கண்ணாடிச் சட்டங்களால் மூடுவர். குழியின் இருபுறமும் உள்ள பள்ளங்களில் புதிய குதிரைச்சாணத்தை நிரப்புவர். சாணம் நொதிக்கும்போது நுண்ணுயிர்களின் செயலால் வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பம் இடைச்சுவர்களின் உள்வெளி வழியே பரவி, நடுக்குழியை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். சாணம் ஆறியதும் அதை அகற்றிப் புதிய சாணம் இடவேண்டும். ஒரு செடி கனி தர ஈராண்டுக்கு மேல் ஆகலாம். அத்தனை நாளும் இப்பணி நிற்கக் கூடாது. நீராவிக் கப்பல்கள் வெப்பநாடுகளிலிருந்து அன்னாசியை மலிவாகக் கொண்டுவரத் தொடங்கியபின் இத்தகைய குழிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

தொலைநிலத்துச் செடிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியரின் ஆட்சி பரவிய திசைகளிலெல்லாம் தாவரம் தேடுவோரும் சென்றனர். அவர்களுள் ஒருவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். 1847 முதல் 1851 வரை இந்தியாவிலும் இமயமலைப் பகுதிகளிலும் பயணம் செய்த அவர், சிக்கிம் மலைகளிலிருந்து ரோடோடென்ட்ரான் இனங்கள் பலவற்றின் விதைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவ்விதைகளிலிருந்து வளர்ந்த மரங்கள் ஹெலிகனிலும் இடம்பெற்றன. இம்மரத்தின் உறவினம் ஒன்று நம் நீலகிரியின் உயரங்களில் செந்நிறப் பூக்களுடன் இயற்கையாகவே வளர்கிறது. தேயிலையின் இனமான கமேலியாவும் கீழைநாடுகளிலிருந்து வந்து அங்கே வேரூன்றியது.

மாளிகைக்குக் கீழே செங்குத்தான பள்ளத்தாக்கு ஒன்று கடலை நோக்கி இறங்குகிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டத்தால் கார்ன்வாலின் குளிர் மிதமானது. பள்ளத்தாக்கின் சரிவுகள் காற்றையும் தடுப்பதால், அங்கே பனி உறைவது அரிது. தெற்குக் கோளத்து மரப்பெரணிகளும் பனை இனங்களும் மூங்கிலும் அப்பள்ளத்தாக்கில் செழித்தன. ‘காடு’ என்று பெயரிடப்பட்ட அப்பகுதி உண்மையில் காடன்று. மிகுந்த கவனத்துடன் நடப்பட்ட தோட்டம்.

1914

முதல் உலகப்போருக்கு முன் ஹெலிகனின் தோட்டங்களை 22 தோட்டக்காரர்கள் பேணிவந்தனர். 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் பிரித்தானியா போரில் இறங்கியது. நாடெங்கும் இளைஞர்கள் படையில் சேர அழைக்கப்பட்டனர். ஹெலிகனின் தோட்டக்காரர்களும் சென்றனர். 1916ஆம் ஆண்டில் தோட்டத்தில் எஞ்சியிருந்தவர்கள் எட்டுப் பேரே. சென்றவர்களுள் பலர் திரும்பவில்லை.

மாளிகை போர்க்காலத்தில் காயமுற்ற படை அதிகாரிகள் தங்கி உடல்தேறும் இடமாக மாறியது. போர் முடிந்தபின் ஜாக் ட்ரெமெய்ன் அங்கு வாழ விரும்பவில்லை. மாளிகையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இத்தாலிக்குச் சென்றார். மணவழி மக்களின்றி 1949ஆம் ஆண்டு மறைந்தார். 1970களில் மாளிகை தனித்தனி வீடுகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டது. தோட்டத்தை அவ்விற்பனையில் சேர்க்கவில்லை. யாருக்கும் வேண்டாத நிலமாக அது மதிலுக்குப் பின்னால் கிடந்தது.

காடு புகுந்த முறை

ஒரு தோட்டம் அழிவதும் ஓர் ஒழுங்கிலேயே நிகழ்கிறது. அவ்வொழுங்கை அறிந்தவரே அழிவிலிருந்து பழைய அமைப்பைப் படித்தெடுக்க முடியும்.

முதலில், திறந்த மண்ணில் ஓராண்டுக் களைகள் முளைக்கும். அடுத்து முட்கொடிகள் பாத்திகளின் மேல் வளைந்து படர்ந்து, நுனி மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் மீண்டும் வேரூன்றும். காற்று கொண்டுவரும் சிக்கமோர், ஆஷ் மரங்களின் சிறகு விதைகள் பாதைகளில் முளைக்கும். கத்தரிக்கப்பட்டு இடுப்பளவில் நின்ற வேலிச்செடிகள் கட்டுப்பாடு நீங்கியதும் மரங்களாக ஓங்கும். ஐவிக்கொடி மதிலின் இடுக்குகளில் நுழைந்து கற்களைப் பெயர்க்கும். வடிகால்கள் இலைச்சருகால் அடைபடும். பசுமைக்குடில்களின் மரச்சட்டங்கள் உளுத்துக் கண்ணாடி விழும். விழுந்த இடைவெளி வழியே உள்ளிருந்த கொடிகள் வெளியேறும். இறுதியில், வளர்ந்த மரங்களின் நிழல் அனைத்தையும் மூடும்.

ஆயினும் மூடுவது எல்லாம் அழிப்பதாகாது. ஆண்டுதோறும் உதிர்ந்த இலைகள் மட்கி, பாதைகளின் மேல் மண்போர்வையாகப் படிந்தன. அப்போர்வையின் கீழ்ப் பாதையின் சரளைக்கற்களும் ஓரக்கற்களும் குலையாமல் இருந்தன. மரப்பெரணிகள் தங்கள் பள்ளத்தாக்கில் மனிதத் துணையின்றி வாழ்ந்தன. இமயத்து ரோடோடென்ட்ரான்கள் வேலிபோல் நின்ற இடத்தில் பெருமரங்களாகிக் கிடந்தன.

மீட்பு

1990ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில் பிரித்தானியாவைப் பெரும்புயல் தாக்கியது. ஹெலிகனில் மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. அடுத்த மாதம், ட்ரெமெய்ன் குடும்ப வழியில் அந்நிலத்தில் உரிமை பெற்றிருந்த ஜான் வில்லிசு, அப்பகுதிக்குக் குடியேறியிருந்த டிம் ஸ்மிட் என்பவரை அத்தோட்டத்தைக் காண அழைத்தார். கட்டடப் பணியாளரான ஜான் நெல்சனும் உடன் சென்றார். முட்கொடிகளை வெட்டி வழியமைத்து உள்ளே நுழைந்தவர்கள், உடைந்த பசுமைக்குடில்களையும் சாய்ந்த மதில்களையும் கண்டனர். அவற்றுள் ஓர் ஒழுங்கு உறைந்திருப்பதை உணர்ந்தனர்.

மீட்புப்பணி ஓர் அகழாய்வைப் போலவே நடைபெற்றது. தன்னார்வலர்களும் உள்ளூர்ப் பணியாளர்களும் இணைந்து முட்கொடிகளை அகற்றினர். பழைய நிலப்படங்களோடு ஒப்பிட்டுப் பாதைகளைத் தேடினர். மட்கிய மண்ணை வழித்தபோது பழைய பாதைகள் மீண்டும் வெளிப்பட்டன. மதில்கள் மீண்டும் கட்டப்பட்டன. பசுமைக்குடில்கள் பழைய முறையிலேயே சீரமைக்கப்பட்டன. 1992ஆம் ஆண்டு தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டு, குதிரைச்சாணத்தின் சூட்டில் அன்னாசிக்குழி மீண்டும் கனி ஈன்றது.

அன்னாசியை விளைவிக்கத் தேவையான அறிவைப் பெறுவதே இம்மீட்பில் கடினமான பகுதியாக இருந்தது. சுவரைக் கட்டக் கொத்தனார் கிடைப்பார். எத்தனை நாளுக்கொருமுறை சாணத்தை மாற்றவேண்டும், குழி எவ்வளவு சூடாக இருக்கவேண்டும், எப்போது கண்ணாடியைத் திறந்து காற்றுவிட வேண்டும் என்பனவற்றைச் சொல்லித்தர யாரும் இல்லை. கையிலிருந்து கைக்கு வந்த அறிவு, அக்கைகளோடு மறைந்திருந்தது. பழைய தோட்டக்கலை நூல்களைத் துணைக்கொண்டும், செய்து பார்த்துத் திருத்தியும் அதை மீண்டும் கற்கவேண்டியிருந்தது.

எதை மீட்பது?

உயிருள்ள சின்னத்தை மீட்கும்போது விடை எளிதில் கிடைக்காத வினாக்கள் சில எழுகின்றன.

தோட்டத்திற்குப் பல பருவங்கள் உண்டு. 1800இல் இருந்தது வேறு. 1850இல் இருந்தது வேறு. 1914இல் இருந்தது வேறு. எந்தப் பருவத்தை மீட்பது? ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை மறையும். ஹெலிகனில், போருக்கு முந்திய தலைமுறையின் செயல்முறைத் தோட்டத்தையே முதன்மையாகக் கருதினர். அதனால் பாரம்பரியக் காய்கறி வகைகளும் பழவகைகளும் மீண்டும் அங்கே பயிராகின்றன.

கைவிடப்பட்ட எழுபது ஆண்டுகளையும் வெறும் இழப்பாகக் கொள்ள முடியுமா? அக்காலத்தில் முட்புதர்கள் பறவைகளுக்குக் கூடு தந்தன. உளுத்த மரங்கள் வண்டுகளுக்கும் பூஞ்சைகளுக்கும் உணவாயின. இடிந்த கூரைகள் வௌவால்களுக்கு இருப்பிடமாயின. முழுமையாகத் துப்புரவு செய்துவிட்டால் அவ்வுயிர்கள் எங்கே செல்லும்? பழைய பூங்காக்களை மீட்போர் இன்று தோட்டத்தின் ஒரு பகுதியைச் சீரமைத்து, மற்றொரு பகுதியை இயற்கையின் போக்கில் விடுவதுண்டு. வரலாறும் சூழலியலும் தத்தம் பங்கைக் கேட்கும் இடம் இது.

மூன்றாவது வினா இன்னும் ஆழமானது. இத்தகைய பூங்காக்கள் குத்தகை உழவரின் வரவிலும் பணியாளரின் உழைப்பிலும் உருவானவை. அவற்றை நுகர்ந்தவரோ ஒரு குடும்பத்தார். அக்குடும்பத்தின் சிறப்பை மீண்டும் நிலைநாட்டுவதற்காகவா பொதுமக்கள் உழைப்பையும் பொருளையும் செலவிடவேண்டும்? ஹெலிகனில் இவ்வினாவிற்கு விடை தந்தது, மதில் மூலையில் கிடைத்த சிற்றறை.

சுவரில் இருந்த பெயர்கள்

மீட்புப்பணியின் தொடக்கத்தில், மதில் சூழ்ந்த தோட்டம் ஒன்றின் மூலையில் இடிபாடுகளை அகற்றியபோது சிறிய அறை ஒன்று வெளிப்பட்டது. அது தோட்டக்காரர்களின் கழிப்பறை. அதன் சுண்ணாம்புச் சுவரில், மங்கிய பென்சில் எழுத்தில் தோட்டக்காரர்களின் பெயர்கள் இருந்தன. உடன் ஒரு தேதியும் காணப்பட்டது: ஆகஸ்டு 1914. இங்கு வந்து உறங்கிப் பொழுதைக் கழிக்காதீர் என்னும் பொருள்பட, பணியாளருக்கே உரிய நகைச்சுவையோடு ஒரு வரியும் பொறிக்கப்பட்டிருந்தது.

போர் மூண்ட அதே மாதத்தில் எழுதப்பட்ட பெயர்கள் அவை. மாளிகையின் கூடத்தில் தங்கள் பெயரைப் பொறிக்க அவர்களுக்கு உரிமையில்லை. பூங்காவின் வாயிலிலும் இடமில்லை. தங்களுக்கென்று இருந்த ஒரே சுவரில் அவர்கள் எழுதினர். எழுபது ஆண்டுக்காலம் அச்சுவரைப் பாதுகாத்தது இடிபாடுதான்.

அதன்பின் மீட்பின் நோக்கம் தெளிவாயிற்று. நிலக்கிழாரின் மாளிகை தனியார் வீடுகளாகவே நீடித்தது. அதை மீட்க எவரும் முயலவில்லை. கொதிகலன் அறை, இருட்டறை, கருவிக் கொட்டகை, அன்னாசிக்குழி, தலைமைத் தோட்டக்காரரின் அலுவலறை ஆகியவை முன்னிலை பெற்றன. பார்வையாளர்கள் அங்கே காண்பது ஒரு குடும்பத்தின் ஆடம்பரத்தை அன்று. பெயர் அறியப்படாத உழைப்பாளிகளின் திறமையை. 2013ஆம் ஆண்டு, பிரித்தானியாவின் பேரரசுப் போர் அருங்காட்சியகம் அச்சிற்றறையை அத்தோட்டக்காரர்களுக்கான ‘வாழும் நினைவிடம்’ என ஏற்றது. போர் நினைவிடம் என்றதும் வீரர் சிலையும் வெற்றித்தூணும் நினைவிற்கு வருவதே வழக்கம். இங்கே ஒரு கழிப்பறைச் சுவர் அத்தகுதியைப் பெற்றது.

மீட்கப்பட்ட தோட்டம் அப்பகுதி மக்களுக்கு மீண்டும் வேலை தந்தது. சுரங்கத்தொழிலும் மீன்பிடித்தொழிலும் நலிந்திருந்த கார்ன்வாலில் அதன் பயன் பெரிது. ஹெலிகனில் கிடைத்த துணிவோடு டிம் ஸ்மிட், அதே வட்டாரத்தில் கைவிடப்பட்ட வெண்களிமண் சுரங்கக்குழி ஒன்றைத் தாவர உலகமாக மாற்றும் திட்டத்தை மேற்கொண்டார். 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதுவே ‘ஈடன் திட்டம்’ என உலகப்புகழ் பெற்றது.

கைவிடப்பட்ட இடத்தைப் படித்தல்

கைவிடப்பட்ட பழைய இடம் ஒன்றைக் காணும்போது நம் கண் முதலில் தேடுவது அதன் உயர்ந்த கட்டடத்தையே. அதன் உரிமையாளர் யார், எப்போது கட்டினார் என்று கேட்கிறோம். இவ்வினாக்கள் தேவையானவை, ஆனால் போதுமானவை அல்ல. தண்ணீர் எங்கிருந்து வந்தது? விளக்கை ஏற்றியவர் எங்கே தங்கினார்? கருவிகளை எங்கே வைத்தனர்? சமைத்தவர், சுமந்தவர், நட்டவர், துப்புரவு செய்தவர் எவ்வழியாக உள்ளே வந்து எவ்வழியாக வெளியேறினர்? இவ்வினாக்களுக்கான விடை, யாரும் படமெடுக்காத கொட்டகைகளிலும் கிணற்றடிகளிலும் பின்வாயில்களிலும் இருக்கும். அவை முதலில் இடிக்கப்படுபவை. அழகற்றவை என்று ஒதுக்கப்படுபவை. அவை போனால், அவ்விடத்தை உருவாக்கியோரின் கடைசிச் சான்றும் போய்விடும்.

தோட்டம் என்பது செடிகளின் தொகுப்பு மட்டுமன்று. இடைவிடாது நிகழும் மனித உழைப்பின் வடிவம். உழைத்தவர்கள் போருக்குச் சென்றதும் ஹெலிகன் காடாயிற்று. நான்கு தலைமுறையின் செல்வத்தால் அதைத் தடுக்க முடியவில்லை. மீண்டும் உழைக்கும் கைகள் வந்தபோது அது தோட்டமாயிற்று. உரிமைப்பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும், தோட்டத்தின் வரலாறு அதைப் பேணியவர்களின் வரலாறே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ பயன்பாட்டில் இல்லாத பழைய கட்டடம் அல்லது தோட்டம் ஒன்றைத் தேர்ந்து, அதன் பணிக் கட்டடங்கள், நீர்நிலை, பின்வாயில் ஆகியவற்றைக் குறித்து வரைபடம் தயாரிக்க.

2. அவ்விடத்தில் பணியாற்றிய முதியவர் எவரேனும் இருப்பின், அவரது பணிமுறையையும் அவர் பயன்படுத்திய கருவிகளின் பெயர்களையும் கேட்டு எழுதுக.

3. ‘கைவிடப்பட்ட தோட்டத்தை முழுமையாக மீட்க வேண்டும்’, ‘இயற்கையின் போக்கில் விட வேண்டும்’ – இவ்விரு கருத்துகளைக் குறித்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.